கைகுலுக்கியவர்கள் ஏன் பகைவர்களானார்கள்?



சில வாரங்களுக்கு முன் பள்ளி நூலகத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் அமர்ந்திருந்தேன். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய படநூல் ஒன்றை ஒரு மாணவி எடுத்து வந்து என்முன் விரித்தாள். அதில் ஒரு புகைப்படம். இரண்டு இளம் இராணுவ அதிகாரிகள் ஒருவரையொருவர் அணைத்தபடி சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் சோவியத் நாட்டவர். பின்னால் ஒரு பலகை. கிழக்கும் மேற்கும் சந்திக்கின்றன என்னும் பொருளில் அதில் எழுதியிருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அதே இரு நாடுகளும் ஒன்றையொன்று குறிவைத்து நிறுத்திய ஏவுகணைகளின் படம்.

"ஐயா, இந்தப் பக்கத்துல கூட்டாளியா இருக்காங்க, அடுத்த பக்கத்துல எதிரியாயிட்டாங்க. நடுவுல என்ன நடந்துச்சு? யாரு மேல தப்பு?" என்று கேட்டாள்.

நம்மில் பலர் சொல்லும் விடையைத்தான் நானும் சொன்னேன். "அமெரிக்கா முதலாளித்துவ நாடு, சோவியத் ஒன்றியம் பொதுவுடைமை நாடு. கொள்கை வேறுபட்டதால் பகை வந்தது" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "சண்டைக்கு முன்னாடியும் அப்படித்தானே ஐயா இருந்தாங்க? அப்புறம் எப்படிக் கூட்டாளியானாங்க?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. கொள்கை வேறுபாடு மட்டுமே காரணமென்றால் அவர்கள் 1941இல் கைகோத்திருக்கவே முடியாது. நட்பு போதுமானதாக இருந்ததென்றால் 1945க்குப் பின் பிரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சிறுமிக்குத் தர வேண்டிய சரியான விடையைத் தேடி நான் படித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எல்பே ஆற்றங்கரை

முதலில் அந்தப் புகைப்படத்தின் கதை. 1945 ஏப்ரல் 25. மேற்கிலிருந்து அமெரிக்கப் படைகளும் கிழக்கிலிருந்து சோவியத் படைகளும் ஜெர்மனியின் நடுப்பகுதியை நெருங்கிவிட்டன. வில்லியம் ராபர்ட்சன் என்னும் அமெரிக்க அதிகாரி மூன்று வீரர்களுடன் ஜீப்பில் எல்பே ஆற்றங்கரையிலுள்ள டோர்காவ் நகரை அடைந்தார். மறுகரையில் சோவியத் வீரர்கள். தாம் அமெரிக்கர் என்று காட்ட அவரிடம் கொடி இல்லை. ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, மருந்துக்கடையில் கிடைத்த சிவப்பு, நீல வண்ணங்களை அதில் பூசி, அமெரிக்கக் கொடி போல ஒன்றைச் செய்து, கோட்டைக் கோபுரத்திலிருந்து அசைத்துக் காட்டினார்.

மறுகரையிலிருந்து வந்த விடை துப்பாக்கிச் சூடு! இது ஜெர்மானியரின் சூழ்ச்சியாக இருக்கலாம் என்று அவர்கள் ஐயுற்றனர். ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்து விடுபட்ட ரஷ்யர் ஒருவரை அழைத்துவந்து ரஷ்ய மொழியில் கூவச் சொன்ன பிறகே சூடு நின்றது. அதன்பின் இடிந்த பாலத்தின் இரும்புச் சட்டங்களின்மீது இருபுறமிருந்தும் தவழ்ந்து வந்து நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். படத்தில் ராபர்ட்சனுடன் நிற்பவர் அலெக்சாந்தர் சில்வாஷ்கோ என்னும் சோவியத் அதிகாரி.

ஐயம் முதலில் வந்தது; அணைப்பு பிறகு வந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நட்புக்கு முன்பிருந்த கசப்பு

1917இல் ரஷ்யாவில் புரட்சி நடந்தது. அடுத்து மூண்ட உள்நாட்டுப் போரில் புரட்சிக்கு எதிரானவர்களுக்குத் துணையாகப் பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகள் ரஷ்ய மண்ணில் தங்கள் வீரர்களை இறக்கின. அமெரிக்கர் இதை விரைவில் மறந்தனர், மாஸ்கோ மறக்கவில்லை. சோவியத் அரசை அமெரிக்கா முறைப்படி ஏற்றுக்கொண்டதே 1933இல்தான்.

மேற்கு நாடுகளுக்கும் மறக்க முடியாத ஒன்று இருந்தது. 1939 ஆகஸ்டு 23இல் ஸ்டாலின் ஹிட்லருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். செப்டம்பர் 1இல் ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. செப்டம்பர் 17இல் சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தது. ஜெர்மானிய விமானங்கள் இலண்டன்மீது குண்டு வீசிய 1940ஆம் ஆண்டில், சோவியத் தானியமும் எண்ணெயும் ஜெர்மனிக்குச் சென்றுகொண்டிருந்தன.

1941 ஜூன் 22இல் ஹிட்லர் தம் உடன்படிக்கையைத் தாமே கிழித்தெறிந்து சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்தார். பொதுவுடைமையை வாழ்நாள் முழுவதும் எதிர்த்து வந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், அன்று இரவே வானொலியில் சோவியத் மக்களுக்கு உதவப் போவதாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் நம் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கிய அதே வேளையில் ஹவாயிலுள்ள பேர்ல் துறைமுகமும் தாக்கப்பட்டது. அமெரிக்காவும் போரில் இறங்கியது.

ஆக, இம்மூவரையும் ஒன்றாகக் கட்டிய கயிறு ஹிட்லர்தான். கட்டு எவ்வளவு வலுவானதாயினும், கயிறு அறுந்தபின் என்ன ஆகும் என்னும் கேள்வி முதல் நாளிலிருந்தே இருந்தது.

போர்க்காலத் தோழமை

திருக்குறளில் 'கூடா நட்பு' என்றோர் அதிகாரம் உண்டு. உள்ளம் ஒன்றாமல் புறத்தே மட்டும் நட்பாகப் பழகுவதைப் பற்றியது. இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது. மேலும் படித்தபோது, அந்தப் பெயரை இதற்கு முழுமையாகச் சூட்டிவிட முடியாது என்று உணர்ந்தேன். இந்தக் கூட்டணி வெறும் நடிப்பன்று. அமெரிக்கா சோவியத் ஒன்றியத்துக்கு ஏறத்தாழ 11 பில்லியன் டாலர் மதிப்புள்ள பொருள்களை அனுப்பியது. அவற்றுள் லாரிகளும் ஜீப்புகளும் மட்டுமே சுமார் 400,000. மறுபுறம், ஜெர்மானியப் படையின் இழப்புகளில் பெரும்பகுதி சோவியத் போர்முனையில்தான் நேர்ந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவர் இவ்வளவு விரைவில் வென்றிருக்க முடியாது.

எனினும் உள்ளுக்குள் ஐயம் இருந்துகொண்டே இருந்தது. மேற்கே இரண்டாவது போர்முனையைத் திறக்குமாறு 1941 முதல் ஸ்டாலின் கேட்டு வந்தார். 1942இல் திறக்கப்படும் என்னும் நம்பிக்கை அவருக்கு ஊட்டப்பட்டது. 1943உம் கடந்தது. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியது 1944 ஜூன் 6இல். போதிய கப்பல்களும் பயிற்சியும் இல்லாமல் இறங்கினால் பேரழிவு நேரும் என்பது இலண்டனின் கணக்கு. ஸ்டாலின்கிராடில் ஆயிரக்கணக்கில் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் கண்ணுக்கோ, தாங்கள் இரத்தம் சிந்திக் களைத்துப் போகட்டும் என்று நண்பர்கள் காத்திருப்பதாகத் தோன்றியது.

இந்த நட்பைக் காக்க வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது. அது மௌனம். 1940இல் ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகளைச் சோவியத் இரகசியப் போலீசார் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் இராணுவ அதிகாரிகள் பலர். கத்தீன் காட்டில் அவர்களுள் பல்லாயிரவரின் புதைகுழிகள் இருப்பதை ஜெர்மனி 1943 ஏப்ரலில் வெளியிட்டது. மாஸ்கோ மறுத்தது, பழியை ஜெர்மானியர்மீதே போட்டது. உண்மை என்னவென்று ஊகிக்க இலண்டனிலும் வாஷிங்டனிலும் போதிய காரணங்கள் இருந்தன. ஆயினும் பேசவில்லை, போரில் தோழனை இழக்க அவர்களால் முடியாது. மாஸ்கோ தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது 1990இல்தான். பேசாமல் மறைத்தவை தீர்ந்துபோவதில்லை, தள்ளிப்போகின்றன, அவ்வளவே.

ஒரே போர், இரு பாடங்கள்

மாணவர்களுக்கு நான் இப்போது முதலில் காட்டுவது இரண்டு எண்களை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் இழந்த உயிர்கள் ஏறத்தாழ 27 மில்லியன். அமெரிக்கா இழந்தவை ஏறத்தாழ 400,000. இழப்பை இழப்போடு ஒப்பிட்டு எதையும் சிறிதென்று சொல்வது முறையன்று. பிள்ளையை இழந்த தாய்க்கு எண்ணிக்கை ஏது? ஆனால் ஒரு நாடு போரிலிருந்து என்ன பாடம் கற்கிறது என்பதை அந்த எண்கள் தீர்மானிக்கின்றன.

சோவியத் நாட்டில் 1,700க்கும் மேற்பட்ட நகரங்களும் சுமார் 70,000 சிற்றூர்களும் அழிந்தன. 1812இல் நெப்போலியன், முதல் உலகப் போரில் ஜெர்மானியர், 1941இல் ஹிட்லர் என்று படைகள் மேற்கிலிருந்தே வந்தன. மாஸ்கோ கற்ற பாடம் இது: நம் எல்லைக்கும் ஜெர்மனிக்கும் இடையிலுள்ள நாடுகள் நம் கைக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்க நகரங்கள்மீது குண்டு விழவில்லை. போர் முடிந்தபோது உலகத் தொழில் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அங்கேதான் நடந்தது. அந்நாடு கற்ற பாடம் வேறு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நாடுகள் தங்கள் சந்தைகளை மூடிக்கொண்டதால் வறுமை பெருகியது, வறுமையில் சர்வாதிகாரம் முளைத்தது, 1938இல் மியூனிக்கில் அந்தச் சர்வாதிகாரிக்கு விட்டுக்கொடுத்ததால் போர் வந்தது. ஆகவே சந்தைகள் திறந்திருக்க வேண்டும். எந்தச் சர்வாதிகாரிக்கும் இனி விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டும் மெய்யான பட்டறிவிலிருந்து பிறந்த பாடங்கள். ஆனால் இரண்டையும் ஒரே ஐரோப்பாவில் நிறைவேற்ற முடியாது. ஒருவர் தம் வீட்டுக்குக் காவலாகக் கருதியது மற்றவருக்குக் கன்னம் வைப்பதாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போருக்கு முன் உலகில் பல வல்லரசுகள் இருந்தன. 1945இல் ஜெர்மனியும் ஜப்பானும் வீழ்ந்து கிடந்தன, பிரான்சு நலிந்திருந்தது, பிரிட்டன் வென்றும் கடனாளியாக நின்றது. ஐரோப்பாவின் நடுவே பெரிய வெற்றிடம் ஏற்பட்டது. அதன் இரு ஓரங்களிலும் நின்றவர்கள் இருவர் மட்டுமே.

போலந்து என்னும் உரைகல்

1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை கிரிமியாவிலுள்ள யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் கூடினர். போலந்தில் சுதந்திரமான தேர்தல் நடைபெறும் என்று ஒப்புக்கொண்டனர். போலந்து தன்னிடம் நட்புள்ள நாடாக இருக்க வேண்டும் என்று மாஸ்கோ வற்புறுத்தியது. அதையும் மற்றவர்கள் மறுக்கவில்லை. சிக்கல் இங்கேதான். 1939இல் நாட்டைப் பங்கு போட்டவர்களுக்கு, கத்தீனை மறக்காத மக்கள் சுதந்திரமாக வாக்களித்தால் நட்பான அரசு அமையுமா? ஒரே தாளில் எழுதப்பட்ட அந்த இரு விருப்பங்களும் ஒன்றையொன்று வெட்டின. கையெழுத்திட்டவர்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினர்.

அடுத்த மாதமே போலந்தின் எதிர்ப்பியக்கத் தலைவர்கள் பதினாறு பேர் பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்டு, கைது செய்யப்பட்டு மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வாக்களிக்கப்பட்ட தேர்தல் 1947 ஜனவரியில் முறைகேடுகளுடன் நடந்தேறியது.

ஸ்டாலின் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. 1944 அக்டோபரில் சர்ச்சில் மாஸ்கோ சென்றபோது, ஒரு தாளில் பால்கன் நாடுகளின் பெயர்களை எழுதி ஸ்டாலினிடம் நகர்த்தினார். ருமேனியாவில் 90 விழுக்காடு செல்வாக்கு ரஷ்யாவுக்கு; கிரீஸில் 90 விழுக்காடு பிரிட்டனுக்கு. ஸ்டாலின் நீலப் பென்சிலால் சரியென்று குறியிட்டார். அதே டிசம்பரில் ஏதென்சில் பிரிட்டிஷ் படை கிரேக்கப் பொதுவுடைமையினருடன் போரிட்டபோது ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. 'உங்கள் பங்கில் நான் தலையிடவில்லை. என் பங்கில் நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள்?' என்பதே அவர் எண்ணமாக இருந்திருக்கும். அந்தத் தாளைப் பற்றி எந்தக் கிரேக்கரிடமும், எந்த ருமேனியரிடமும் யாரும் கேட்கவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1945 ஏப்ரல் 12இல் ரூஸ்வெல்ட் காலமானார். அடுத்து வந்த டுருமன் வெளிப்படையாகப் பேசும் இயல்பினர். பதவியேற்ற பதினொன்றாம் நாளே சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலட்டோவிடம் போலந்து குறித்துக் கடுமையாகப் பேசினார். மே மாதம் ஜெர்மனி சரணடைந்ததும் சோவியத் ஒன்றியத்துக்கான பொருளுதவி திடீரென நிறுத்தப்பட்டது. சில கப்பல்கள் நடுக்கடலிலிருந்தே திருப்பி அழைக்கப்பட்டன. பின்னர் அந்த ஆணை தளர்த்தப்பட்டாலும் மனக்கசப்பு தங்கிவிட்டது.

ஜூலையில் பொட்ஸ்டாமில் தலைவர்கள் மீண்டும் கூடினர். மாநாடு தொடங்குவதற்கு முதல்நாள், ஜூலை 16இல், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. ஜூலை 24இல் டுருமன் ஸ்டாலினை நெருங்கி, பேரழிவு ஆற்றல் கொண்ட புதிய ஆயுதம் ஒன்று தம்மிடம் இருப்பதாகப் போகிற போக்கில் கூறினார். ஸ்டாலின் சலனமின்றிக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அது செய்தியே அன்று. அவருடைய ஒற்றர்கள் முன்பே சொல்லிவிட்டிருந்தனர். ஒரே போரில் தோளோடு தோள் நின்றவர்கள், ஒருவர் மறைத்ததை மற்றவர் திருடி அறிந்து, அறியாதவர்போல் நின்ற காட்சி அது. ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமா, 9இல் நாகசாகி.

இரண்டு தந்திகள்

1946 பிப்ரவரி 22இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன், வாஷிங்டனுக்கு மிக நீண்ட தந்தி ஒன்றை அனுப்பினார். சோவியத் தலைமை உள்ளூர அச்சம் மிக்கது, வெளியுலகைப் பகையாகவே காண்பது, வாய்ப்புள்ள இடமெல்லாம் விரிய முயல்வது, உறுதியான எதிர்ப்பைக் கண்டால் பின்வாங்குவது என்பது அதன் சாரம். மார்ச் 5இல் பதவியில் இல்லாத சர்ச்சில், அமெரிக்காவின் பல்டன் நகரில் டுருமன் மேடையில் அமர்ந்திருக்க உரையாற்றி, ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத்திரை விழுந்துவிட்டதாக அறிவித்தார்.

நம் நூல்களில் கென்னன் தந்தி இடம்பெறும். மற்றொரு தந்தி அவ்வளவாக இடம்பெறுவதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 27இல் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் நிக்கொலாய் நோவிக்கொவ் மாஸ்கோவுக்கு எழுதியது அது. அமெரிக்கா உலக மேலாதிக்கத்தை நாடுகிறது, தன் எல்லைக்கு வெகு தொலைவில் இராணுவத் தளங்களை அமைக்கிறது, சோவியத் ஒன்றியத்தை எதிர்காலப் பகையாகக் கருதி ஆயத்தமாகிறது என்பது அதன் சாரம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வியந்தேன். தன் பக்கம் தற்காப்பு, எதிர்ப்பக்கம் ஆக்கிரமிப்பு என்பதே இரண்டின் அடிப்படையும்.

1947: கோடு விழுந்த ஆண்டு

1947 பிப்ரவரியில் பிரிட்டன், கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனித் தன்னால் உதவ இயலாது என்று வாஷிங்டனுக்குத் தெரிவித்தது. அந்தக் குளிர்காலத்தில் இலண்டன் மக்களுக்கு நிலக்கரியே போதவில்லை. பேரரசு ஒன்று இறக்கி வைத்த சுமையை அமெரிக்கா ஏற்றது. மார்ச் 12இல் டுருமன் இரு நாடுகளுக்கும் 400 மில்லியன் டாலர் கோரியதோடு, அடக்குமுறையை எதிர்க்கும் சுதந்திர மக்களுக்கு ஆதரவளிப்பதே அமெரிக்காவின் கொள்கை என்றும் அறிவித்தார். இரு நாடுகளுக்கான உதவி, உலகம் முழுமைக்குமான கொள்கையாக மாறியது அந்த உரையில்தான்.

ஜூன் 5இல் வெளியுறவு அமைச்சர் மார்ஷல் ஐரோப்பாவை மீண்டும் கட்டியெழுப்பும் திட்டத்தை முன்வைத்தார். பேச்சளவில் அது சோவியத் ஒன்றியத்துக்கும் திறந்தே இருந்தது. மொலட்டோவ் பாரிசுக்கு வந்தார், நிபந்தனைகளைக் கேட்டார், ஜூலை தொடக்கத்தில் வெளியேறினார். பங்குபெற விரும்பிய செக்கோஸ்லோவாக்கியாவும் மாஸ்கோவின் கட்டளைக்குப் பணிந்து விலகியது. 1948 முதல் 1952 வரை ஏறத்தாழ 13 பில்லியன் டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. அதில் பசித்தவனுக்கு உணவும் இருந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குச் சந்தையும் இருந்தது. மாஸ்கோ இரண்டாவதை மட்டும் கண்டது. தன் கீழிருந்த நாடுகளின் பிடியை மேலும் இறுக்கியது. 1948 பிப்ரவரியில் பிராகாவில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது.

மாவு மூட்டைகள் பறந்த வானம்

தோற்ற ஜெர்மனியும் அதன் தலைநகர் பெர்லினும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பெர்லினோ சோவியத் பகுதியின் நடுவே இருந்தது. 1948 ஜூனில் மேற்கு நாடுகள் தங்கள் பகுதிகளில் புதிய நாணயத்தைப் புழக்கத்தில் விட்டன. வலுவான ஜெர்மனி மீண்டும் எழுகிறது என்று அஞ்சிய ஸ்டாலின், ஜூன் 24இல் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, இருப்புப்பாதை, நீர்வழி அனைத்தையும் அடைத்தார். இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள் உணவும் நிலக்கரியும் இன்றி அகப்பட்டனர்.

அமெரிக்காவும் பிரிட்டனும் வான்வழியைப் பயன்படுத்தின. 1949 மே 12இல் தடை நீங்கும் வரையிலும் அதன்பின் சில மாதங்களும் ஏறத்தாழ 278,000 முறை விமானங்கள் பறந்து, 2.3 மில்லியன் டன் பொருள்களைக் கொண்டு சேர்த்தன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. கேல் ஹல்வர்சன் என்னும் விமானி, கைக்குட்டையில் செய்த சிறு வான்குடைகளில் மிட்டாய் கட்டிக் குழந்தைகளுக்காக வீசினார். இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் எல்லார் முகமும் மலர்ந்தது.

ஆனால் அதற்குள் இருக்கும் முரணையும் எடுத்துக் காட்டினேன். மூன்றே ஆண்டுகளுக்கு முன் அதே நகரின்மீது குண்டு பொழிந்த நாடுகளின் விமானங்கள், இப்போது மாவு மூட்டையுடன் வந்தன. நேற்றைய பகைவன் காக்கப்பட வேண்டியவன் ஆனான். நேற்றைய தோழன் தடுக்கப்பட வேண்டியவன் ஆனான். 1949 ஏப்ரல் 4இல் பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து நேட்டோவை அமைத்தன. ஆகஸ்டு 29இல் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. அவ்வாண்டு முடியுமுன் ஜெர்மனி இரு நாடுகளாயிற்று. எல்பே ஆற்றுப் பாலத்தில் சந்தித்து நான்கரை ஆண்டுகளே ஆகியிருந்தன.

நம் மண்ணிலும் அதே கதை

இது எங்கோ நடந்த கதை என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. என் பாட்டி தம் இளமையைப் பற்றிப் பேசும்போது 'கம்பிவேலிக் காலம்' என்றொரு சொல்லைப் பயன்படுத்துவார். அந்த வேலிக்குப் பின்னும் ஒரு பழைய கைகுலுக்கல் உண்டு.

1941 டிசம்பரில் ஜப்பானியர் முன்னேறியபோது, பிரிட்டிஷார் அதுவரை ஒடுக்கி வந்த மலாயா பொதுவுடைமைக் கட்சியின் தொண்டர்களுக்குச் சிங்கப்பூரில் தாங்களே போர்ப்பயிற்சி அளித்தனர். அவர்கள் காட்டுக்குள் சென்று மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையை அமைத்தனர். பிரிட்டிஷாரின் 136ஆம் படைப்பிரிவு வானிலிருந்து அவர்களுக்கு ஆயுதங்களை இறக்கியது. போர் முடிந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி தரப்பட்டது. சில ஆயுதங்கள் காட்டிலேயே மறைக்கப்பட்டன. அவர்களுள் ஒருவரான சின் பெங்கிற்குப் பிரிட்டன் ஓ.பி.இ. விருதை அறிவித்தது, பின்னர் அதைத் திரும்பப் பெற்றது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டனர். அம்மாதமே நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பெர்லின் அடைக்கப்பட்ட அதே ஜூன் மாதம்!

இங்கிருந்த காரணங்கள் இங்குள்ளவை: குறைந்த கூலி, வேலைநிறுத்தங்கள், குடியேற்ற ஆட்சி. எனினும் கதையின் வடிவம் ஒன்றே. பொது எதிரி மறைந்ததும், தள்ளிப்போட்ட கேள்விகள் திரும்பி வந்தன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். சுமார் 500,000 பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டப் பாட்டாளிகளின் லயங்களையும் வேலி சூழ்ந்தது. அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் நடுவேதான் என் பாட்டி பால் மரம் சீவினார்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புகிறேன். 'யார்மேல் தப்பு?' என்பதற்கு ஒரே பெயரைச் சொல்லிக் கேள்வியை மூடிவிடுவது எளிது. நான் இப்போது வேறொன்று செய்கிறேன். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைகிறேன். முதலாவதில் ஒரு நிகழ்ச்சியை வாஷிங்டன் எப்படிக் கண்டது. இரண்டாவதில் மாஸ்கோ எப்படிக் கண்டது. மூன்றாவதில் அந்த இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது. போலந்து, மார்ஷல் திட்டம், பெர்லின் என்று ஒவ்வொன்றாக மாணவர்களே நிரப்புகிறார்கள்.

முதல் இரு கட்டங்களும் அச்சம் எப்படி அச்சத்தை வளர்க்கிறது என்பதைக் காட்டுகின்றன. மூன்றாவது கட்டம் மிக முக்கியமானது. அதில்லாவிட்டால் 'இரு பக்கமும் சமம்' என்று பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். சமம் அன்று. கிழக்கு ஐரோப்பிய மக்களின் சுதந்திரத்தைப் பறித்ததும், எதிர்த்தவர்களைச் சிறையிலிட்டதும் ஸ்டாலினின் ஆட்சி. அந்தப் பொறுப்பை எந்த அச்சமும் கழுவிவிடாது. ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று புரிந்துகொள்வது வேறு; செய்தது சரியென்று சொல்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அது வரலாற்றுப் பாடத்தோடு நின்றுவிடாது.

"இதெல்லாம் தேர்வில் வருமா?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். வராமலும் போகலாம். ஆனால் வீட்டிலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் 'நம் எதிரிக்கு எதிரி நமக்கு நண்பன்' என்னும் பேச்சை நம் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். அந்த எதிரி போனபிறகு அந்த நண்பரோடு எப்படி வாழப் போகிறோம் என்று கேட்க அவர்களுக்கு யார் கற்றுத் தருவது? 1941 முதல் 1945 வரை அந்தக் கேள்வியைப் பெரியவர்கள் தள்ளிப்போட்டார்கள். அதன் விலையை வார்சாவிலும் பிராகாவிலும் சுங்கை சிப்புட்டிலும் எளிய மக்கள் கொடுத்தார்கள்.

நிறைவாக, அந்தப் புகைப்படத்திலுள்ள இருவரைப் பற்றி ஒரு செய்தி. ராபர்ட்சன் போருக்குப் பின் மருத்துவம் படித்து மூளை அறுவை மருத்துவரானார். சில்வாஷ்கோ பெலாருஸ் நாட்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். இதை வகுப்பில் சொன்னபோது, கேள்வி கேட்ட அதே மாணவி, "அப்படின்னா அவரோட பசங்க இந்தப் படத்தப் பத்தி அவருக்கிட்டயே கேட்டிருப்பாங்களே ஐயா?" என்றாள்.

கேட்டிருப்பார்கள். அவர் என்ன விடை சொல்லியிருப்பார் என்று நானும் எண்ணிப் பார்க்கிறேன்.

மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம். உங்கள் வகுப்பில் இந்த மூன்று கட்டப் பயிற்சியைச் செய்து பார்த்தால், பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்பதை எனக்கும் தெரிவியுங்கள்.